கதைக்காட்டில் எங்கள் இரண்டு முகங்கள்

1951 நவம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து மழை. படகுக் குளத்துப் பக்கம் ஒரு ஆள்கூட வரவில்லை. தேநீர்க் கூடத்து நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துப் போட்டுத் தரையைத் துடைத்து முடித்தேன். முடித்த கையோடு பூங்காக் கமிட்டிக்காரர்கள் சேற்று மிதியடியோடு உள்ளே வந்தார்கள். பங்குச் சாமியார்தான் கமிட்டித் தலைவர். பின்னால் இருக்கிற பைன் காட்டுக்குள் 'கதைக்காடு' கட்டுவது என்று முடிவாகிவிட்டதாம். குள்ளர்களின் வீடு, சூனியக்காரி, கோட்டைக்குள் நூறு வருஷமாக உறங்கும் இளவரசி. எல்லாம் ஆள் அளவுக்கு. எல்லாம் அசையுமாம்.

படகுகளையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் ரிப்பேர் பார்க்கிற ட்ரீக் மூலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவர்கள் போனதும் சொன்னான்: "மூணு செருப்புக் கம்பெனி மூடியாச்சு. ஊர்ல பாதிப் பேர் வீட்டுக் கூரை ஒழுகுது. நம்ம சாமியார் குள்ளனுக்கு வீடு கட்டப் போறார்."

"உனக்கும் வேலை வரும்ல."

"வரும். குள்ளனுக்கு மோட்டார் மாட்டணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை ஹெல்மா தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அம்மா கேட்காத மாதிரி உருளைக்கிழங்கு உரித்தாள்.

நவம்பர் 27

சிலைகள் செய்ய ஹேக் நகரத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பெயர் லெம்மெர்ஸ். ஐம்பது வயதிருக்கும். ரொட்டிக்கடை மாடியில் தங்குகிறார். தினமும் பத்து மணிக்கு என்னிடம் காபி. கல்லாவைப் பார்த்தபடி உட்கார்ந்து ஏதோ வரைகிறார். நான் நிமிரும்போதெல்லாம் அவர் கண் என்மேல் இருக்கிறது.

நவம்பர் 30

இன்றும்.

டிசம்பர் 3

நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று எழுத வேண்டாம்.

டிசம்பர் 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் இறங்கும்.

லெம்மெர்ஸ் இன்று கல்லாவுக்கே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முப்பத்தாறு வயசு. சூடாகத்தான் செய்தது, என்ன செய்ய.

"உங்க முகம் ரொம்ப அபூர்வமான முகம்" என்றார். "அந்த மூக்கு, அந்தத் தாடை. மரத்துல செதுக்கினாப்பல இருக்கு. எனக்கு அதை அச்சு எடுக்க அனுமதி வேணும். சூனியக்காரிக்கு."

அப்புறமும் பேசினார். சூனியக்காரிதான் காட்டிலேயே முக்கியமானவள், அவள் முகத்தில் வலு வேண்டும், பொம்மை முகமாக இருந்தால் பிள்ளைகள் சிரித்துவிடும், இப்படி. நான் சொன்னது ஒன்றுதான்: "காபி ஆறுது, குடிங்க."

குடித்தார். போகும்போது கதவருகே நின்று, "உங்க தங்கச்சியைக் கோயில்ல பார்த்தேன். இளவரசிக்கு அவங்க முகம் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார்.

மனுஷனுக்கு உண்மையிலேயே எதுவும் புரியவில்லை. கெட்டவராக இருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

கண்ணாடி பார்த்தேன். அப்பாவின் மூக்கு. அப்பாவுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 9

இளவரசி விஷயத்தை மட்டும் வீட்டில் சொன்னேன். ஹெல்மாவுக்கு இருபத்தொரு வயது. உடனே எழுந்து நின்றுவிட்டாள். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"செத்தவங்களுக்குத்தான் மூஞ்சியில பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பாங்க. உசுரோட இருக்கிற பொண்ணுக்கு எடுத்தா அது நல்லதுக்கில்ல."

"அம்மா, ஊர்ல எத்தனை பொண்ணு இருக்கு, என்னைத்தானே கேட்டிருக்காங்க."

"அதான் சொல்றேன். கட்டில்ல படுத்துக் கிடக்கிற உன்னைக் கண்டவனும் வந்து பாக்கணுமா? டிக்கெட் வாங்கிக்கிட்டு?"

ஹெல்மா அழுதாள். அம்மா அழவில்லை. நான் பாத்திரம் கழுவினேன்.

1952 ஜனவரி 18

அம்மா சாமியாரிடமே போய் முறையிட்டாள். அவர் கமிட்டித் தலைவர் என்பதை மறந்துபோனாளோ என்னவோ. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, கழுத்துவரை மூடின சட்டையும் நீளக் கையும் இருந்தால் பாவமில்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பி வந்து, "நான் அந்தக் காட்டுக்குள்ள காலடி வைக்க மாட்டேன். நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்றாள். அதுதான் சம்மதம்.

பிப்ரவரி 25, கார்னிவல் திங்கள்

ஊரே வேஷம் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறது. தேநீர்க் கூடத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. நடுவில் ஒருத்தன் பெண் வேஷத்தில். முகத்தில் அட்டையில் செய்த ஒரு முழ மூக்கு, கையில் காபிக் கெண்டி, இடுப்பில் என்னுடையது மாதிரியே கட்டம் போட்ட ஏப்ரன். "காபி ஆறுது, குடிங்க" என்று கீச்சுக் குரலில் சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆக, ஊருக்குத் தெரிந்துவிட்டது. லெம்மெர்ஸ் கேட்ட அன்று கூடத்தில் மூலையில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ட்ரீக் இருந்தான்.

நான் அந்த மூக்கனுக்கு ஒரு கோப்பை ஊற்றி நீட்டினேன். மூக்கு இடித்து அவனால் குடிக்க முடியவில்லை. "கழட்டிட்டுக் குடி, இல்லன்னா சிந்தும்" என்றேன். கழற்றினான். ரொட்டிக்கடைக்காரனின் மைத்துனன். மூக்கு இல்லாமல் அவன் வேடிக்கையாக இல்லை, அவனுக்கே தெரிந்தது.

சாயங்காலம் ட்ரீக் வந்து நின்றான். "வாய் சும்மா இருக்கல, டிம்ஃப். மதுக்கடையில சொல்லிட்டேன்."

"தெரியும்."

"கோவமா?"

"ஆமா."

நாற்காலிகளை எல்லாம் அவனே கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனான்.

மார்ச் 11

ஹெல்மாவுக்கு இன்று அச்சு எடுத்தார்கள். துணைக்கு நான். குதிரை லாயத்தைப் பட்டறையாக்கியிருக்கிறார்கள். உள்ளே கால்கள், கைகள், தலையில்லாத குள்ளன் ஒருவன். முகத்தில் கொழுப்பு பூசி, மூக்கில் இரண்டு வைக்கோல் குழாய் செருகி, மேலே பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். இறுகும்வரை அசையக் கூடாது.

கண்ணுக்கு மேல் ஊற்றியதும் ஹெல்மா துள்ளி எழுந்துவிட்டாள். பாதி பிளாஸ்டர் தரையில். மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, உள்ள சூடாகுது. அம்மா சொன்னது மாதிரியே இருக்கு. புதைக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

லெம்மெர்ஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு வேறு பெண்ணைப் பார்க்கலாம் என்றார். ஹெல்மா அதற்கும் சம்மதிக்கவில்லை. வேண்டும், ஆனால் பயம்.

"நான் முதல்ல படுக்கிறேன். நீ பாரு" என்றேன்.

லெம்மெர்ஸ் என்னைப் பார்த்தார். "இது அவளுக்குக் காட்டத்தான். வேற எதுக்கும் இல்ல" என்று அவரிடம் சொன்னேன். "சத்தியமா" என்றார்.

படுத்தேன். முதலில் குளிர்ச்சி, பிறகு பாரம், பிறகு வெதுவெதுப்பு. வெளியே எல்லாம் தூரத்தில் கேட்டது. ஹெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உசுரோட இருந்தா ஒரு தடவை அமுக்கு" என்றாள். அமுக்கினேன். மோசமில்லை. யாரும் என்னை எதுவும் கேட்காத இடம்.

அப்புறம் அவள் படுத்தாள். அசையவே இல்லை.

மே 6

பட்டறையில் காபிக் கோப்பைகளைத் திரும்ப வாங்கப் போனேன். லெம்மெர்ஸ் இல்லை. ஜன்னலோரம் ஈரத் துணி போர்த்தி ஒரு உருவம். கோப்பை அதன் பின்னால் இருந்தது. துணியை விலக்கினேன்.

நான்.

கூன் போட்ட நான். பல் குறைந்த நான். தோல் சுருங்கி எழுபது வயதான நான். ஆனால் மூக்கு, தாடை, சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்து புருவத்தில் வந்த வெட்டு, எல்லாம் அப்படியே.

சத்தியம் பண்ணினாரே. சத்தியம் பண்ணினாரே மனுஷன். பக்கத்து மேசையில் சுத்தியல் இருந்தது. எடுத்தேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை. எடுத்தேன். ஓங்கக்கூட ஓங்கினேன்.

அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இருக்கிறது எனக்கு, சிரிக்கும்போது மட்டும் வரும். அச்சில் அது விழுந்திருக்க முடியாது. நான் அப்போது சிரிக்கவில்லை. அதை அவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் என் முகத்தை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை. அம்மாகூட.

அதனால் கோபம் குறைந்ததா? இல்லை. கோபம் இருந்தது, கூடவே இதுவும் இருந்தது.

லெம்மெர்ஸ் வாசலில் வந்து நின்றார். சுத்தியலைப் பார்த்தார். "வேற முகம் வரல. மூணு செஞ்சு உடைச்சேன். கை அதுக்கே போகுது. நீங்க உடைச்சா உடைங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 9

சாமியார் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "லெம்மெர்ஸைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். அதை எடுத்துடச் சொல்றேன்" என்றார்.

"எடுக்க வேண்டாம், சாமி. இருக்கட்டும்."

"பின்னே?"

"தேநீர்க் கூடத்துல கோடையில மட்டும்தான் முழு நாள் வேலை. மத்த மாசமெல்லாம் பாதி நாள் வீட்டுல செருப்புத் தோல் தைக்கிறேன். அந்தத் தோலும் இப்போ வர்றதில்ல. கதைக்காட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்தானே? துடைக்க, துவைக்க, உடுத்தி விட. வருஷம் முழுக்க. சாவி என்கிட்ட இருக்கணும். லெம்மெர்ஸ்கூட என்னைக் கேட்டுத்தான் உள்ள போகணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்பளை ஆளுக்கு சாவி..." என்று ஆரம்பித்தார்.

"என் மூஞ்சிக்குள்ள போற கதவு, சாமி."

கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். பேசினால் நடக்கும். இந்த ஊரில் அவர் பேசி நடக்காதது மழை ஒன்றுதான்.

மே 16

சாவி கிடைத்தது. கனமாக இருக்கிறது.

ஜூன் 2, பெந்தேகோஸ்து திங்கள்

கதைக்காடு திறந்தாயிற்று. கால் வலிக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

மேயர், பாண்டு வாத்தியம், சாமியார் தீர்த்தம் தெளித்தது. சூனியக்காரிமேல் தெளிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் நின்றுவிட்டு அவளுக்கும் தெளித்தார். பிறகு ஜனம். சைக்கிளில், பஸ்ஸில், கால்நடையாக. ரொட்டி எல்லாம் நண்பகலிலேயே தீர்ந்தது. குள்ளன் ஒருவனின் தாடியை யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள்.

ஹெல்மாவின் இளவரசி — அதைச் சொல்ல வேண்டும். கோட்டை மாடத்தில், வெள்ளை உடுப்பில், கழுத்துவரை மூடி. ட்ரீக் அவள் நெஞ்சுக்குள் ஒரு துருத்தியும் சின்ன மோட்டாரும் வைத்திருக்கிறான். ஏறி இறங்குகிறது. சலசலவென்று மேலே ஏறி வருகிற கூட்டம் கதவருகே வந்ததும் தானாகக் குரலைத் தாழ்த்துகிறது. பெரியவர்கள்கூட. ஹெல்மா கூட்டத்தோடு கூட்டமாகத் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து தன்னையே பார்த்துவிட்டுப் போனாள். கூடவே லாம்பெர்ட், அவள் மூன்று வருஷமாகப் பழகுகிறவன், காட்டில் மரம் வெட்ட வந்தவன். "இவளையே கட்டிக்கலாம் போலிருக்கே. எதிர்த்துப் பேச மாட்டா" என்றான். ஹெல்மா அவன் காலை மிதித்தாள்.

சூனியக்காரியின் குடிசை வாசலில் மாமிசக்கடைக்காரர் ஊரார் காதில் விழும்படி, "டிம்ஃப், தங்கச்சி உள்ள தூங்குறா, நீ வெளிய நின்னு பிள்ளைங்களைத் திங்கிறியா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களை மட்டும்தான். உங்களை மாதிரி கொழுத்தது எனக்கு ஜீரணமாகாது" என்றேன்.

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம்.

அம்மா வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது பட்டாணி சூப் வைத்திருந்தாள். "ஜனம் வந்துச்சா" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 17

மழை, வெயில், மழை. இளவரசியின் கன்னத்தில் பூஞ்சை. காடியில் துடைத்தேன். இப்போது தூங்குகிற ஊறுகாய் மாதிரி மணக்கிறாள்.

அக்டோபர் 26

இந்த வருஷத்துக்குக் கதவை மூடியாயிற்று. நினைத்ததைவிட எவ்வளவோ மடங்கு ஜனம் என்று கமிட்டியில் ஒரே மகிழ்ச்சி. அடுத்த வருஷம் இன்னும் மூன்று கதைகள் கட்டுகிறார்களாம். செருப்புக் கம்பெனியிலிருந்து வெளியே வந்த ஆட்கள் இப்போது காளான் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

லெம்மெர்ஸ் ஹேக்குக்குத் திரும்பினார். போகும்முன் சாவி கேட்டு வந்தார், முறையாக. சூனியக்காரியின் முன் கொஞ்ச நேரம் நின்றார். "நான் செஞ்சதிலேயே நல்லது இதுதான்" என்றார். பிறகு, "மன்னிச்சிடுங்க" என்றார். இரண்டும் ஒரே மூச்சில். முதலாவது உண்மை என்று தெரிகிறது. இரண்டாவதும் உண்மையாக இருக்கலாம்.

1953 பிப்ரவரி 2

நேற்று பூசையில் சாமியார் சொல்லித்தான் தெரியும். கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. மேற்கே தீவுகள் எல்லாம் தண்ணீருக்கடியில். எத்தனை பேர் செத்தார்கள் என்று வானொலிக்கே தெரியவில்லை. லாம்பெர்ட்டின் பெரியப்பா பண்ணை அங்கேதான். பிள்ளையில்லாதவர், பண்ணையை லாம்பெர்ட்டுக்கு என்று சொல்லி வைத்திருந்தார். அதை நம்பித்தான் கல்யாணப் பேச்சே. லாம்பெர்ட் விடியும் முன்னே லாரி ஏறிப் போய்விட்டான்.

பிப்ரவரி 5

தேநீர்க் கூடத்தில் வெள்ளத்தில் தப்பி வந்தவர்கள் அறுபது எழுபது பேர். வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்திருக்கிறோம். ஊரில் வீட்டுக்கு வீடு போர்வை வாங்கியும் போதவில்லை. கோட்டைக்குப் போய் இளவரசியின் கம்பளிப் போர்வையை உருவிக்கொண்டு வந்தேன். தாயை இழந்த ஒரு குழந்தைக்குச் சுற்றினேன். ட்ரீக் பார்த்துவிட்டு, "அவளுக்குக் குளிருமே" என்றான். சொன்னபிறகு அவனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா பெரிய அண்டாவில் சூப்பு கிளறிக்கொண்டிருந்தாள். தேநீர்க் கூடம் காட்டுக்குள் சேராது என்று அவள் கணக்கு போலிருக்கிறது.

பிப்ரவரி 19

லாம்பெர்ட் திரும்பினான். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். மாடு ஒன்றுகூட இல்லை. நிலம் முழுக்க உப்பு. "எத்தனை வருஷம் ஆகும்னு யாருக்கும் தெரியல" என்றான். கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கயிறு அறுத்த புண். ஹெல்மா வாஸ்லின் பூசிவிட்டாள்.

மார்ச் 3

கனடா. அதுதான் முடிவு. ஒண்டாரியோவில் ஒரு பண்ணைக்காரர் தம்பதியாக ஆள் கேட்கிறாராம், வீடு தருகிறார். ஈஸ்டர் முடிந்து கல்யாணம், மே மாதம் கப்பல்.

அம்மா: "எவ்வளவு தூரம்?"

லாம்பெர்ட்: "கப்பல்ல எட்டு ஒன்பது நாள். அப்புறம் ரயில்."

அம்மா: "நான் தூரத்தைக் கேட்டேன்."



ஏப்ரல் 21

கல்யாணம். நல்ல வெயில். ஹெல்மா அழகாக இருந்தாள். பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "இளவரசி முழிச்சுக்கிட்டா" என்று சத்தமாகச் சொன்னது, சாமியாரே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

மே 8

ராட்டர்டாம். துறைமுகத்துக்கு நான் மட்டும் போனேன். அம்மா வீட்டு வாசலிலேயே ஹெல்மாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி. அடுப்பில் எதுவும் இல்லை.

கப்பல் கிளம்பும்போது பாண்டு வாசிக்கிறார்கள். யார் கண்டுபிடித்த வழக்கமோ. அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்கத்தானோ. ஹெல்மா மேலிருந்து என்னவோ கத்தினாள். கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மே 9

வேலைக்குப் போனேன். இளவரசியின் கூந்தலை வாரிக் கட்ட வேண்டும், திங்கள்தோறும் செய்வது; இன்று சனிக்கிழமை. செய்தேன்.

ஜூலை 14

அம்மா வந்தாள். பூங்காவுக்கு. சொல்லாமல்.

சூனியக்காரியின் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியுமாகப் பாதையில் நடந்து வந்தாள். கையில் டிக்கெட்.

"டிக்கெட் எதுக்கு வாங்கின? என் அம்மான்னு சொன்னா விடுவாங்களே."

"சும்மா வந்து பாக்கிறதுக்கு நான் என்ன பிச்சைக்காரியா?"

குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்கப்பாவை அப்படியே வச்சிருக்கான், கட்டையில போறவன்" என்றாள். பிறகு, "அவ எங்க?" என்றாள்.

கோட்டைப் படிகளில் கையைப் பிடித்து ஏற்றினேன். கதவருகே நின்றாள். ஒரு குடும்பம் பார்த்துவிட்டுப் போகும்வரை ஓரமாகக் காத்திருந்தாள். பிறகு கம்பிக்கு அருகில் போனாள்.

"மூச்சு விடுறா" என்றாள்.

"துருத்திம்மா. ட்ரீக் வச்சது."

"அது எனக்குத் தெரியும்."

அங்கே பார்வையாளர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. உட்கார்ந்தாள். மூடும் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜூலை 21

இன்றும் வந்தாள். டிக்கெட்டோடு.

ஆகஸ்ட் 30

வாரத்துக்கு இரண்டு முறை வருகிறாள். வாயிற்காரர்கள் அவளிடம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டாள். பதிலுக்கு அவர்களுக்கு இறைச்சி வைத்த ரொட்டி சுட்டு எடுத்து வருகிறாள். இளவரசியின் கழுத்துப் பட்டி சரியாகத் தைக்கவில்லை என்று என்னிடம் குறை. "அவளுக்கு ஒரே பக்கமா இறுக்கிக் கட்டினா பிடிக்காது." நான் பிரித்துத் தைத்தேன்.

அக்டோபர் 8

கேவலமான நாள்.

மதியம் குள்ளர்கள் வீட்டில் இருந்தேன். அம்மா ஓடி வருகிறாள். அறுபத்தாறு வயதில், தொப்பி இல்லாமல். "டிம்ஃப், அவ மூச்சு விடல. அவ மூச்சு விடலடி."

மோட்டார் நின்றிருக்கிறது. அவ்வளவுதான். அது மோட்டார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஹெல்மாவிடமிருந்து கடிதம் வந்து மாதமாகிவிட்டது. பிள்ளை உண்டாகியிருப்பதாக எழுதினது கடைசி. நானும் ஓடினேன். எதற்கு ஓடினேன்?

ட்ரீக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு திருகினான். பெல்ட் அறுந்திருக்கிறதாம். ஜனங்களை வெளியே நிறுத்திவிட்டோம். அம்மா இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியைத் தாண்டி எப்போது உள்ளே போனாள் என்று நான் பார்க்கவில்லை. ட்ரீக் ஏதாவது வேடிக்கை பேசுவான் என்று பயந்தேன். அவன் கட்டிலுக்கடியிலிருந்து, "இதோ அத்தை, இதோ ஆச்சு, ஒரு நிமிஷம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் மாதிரி.

ஏறியது. இறங்கியது.

அம்மா கையை விட்டுவிட்டுத் தன் தொப்பியைத் தேடினாள்.

அக்டோபர் 13

கடிதம் வந்துவிட்டது. ஹெல்மா நலம். ஆப்பிள் பறிப்பில் எழுத நேரமில்லையாம். அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். மதுக்கடையில் உளறிய குற்றத்தை ட்ரீக்குக்கு இன்றோடு மன்னித்தேன். அவனிடம் சொல்லவில்லை.

1954 பிப்ரவரி 11

ஹெல்மாவுக்குப் பெண் குழந்தை. பெயர் டிம்ஃப்னா, என் முழுப் பெயர். கனடாவில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யப்போகிறதோ. என் மூக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாள், ஆறுதலாக.

மார்ச் 16

அவர்கள் இருக்கும் பண்ணையிலேயே ஒரு சிறிய வீடு காலியாகிறதாம். அம்மாவும் நானும் வந்துவிட வேண்டும் என்று ஹெல்மா எழுதியிருக்கிறாள். லாம்பெர்ட் அடியில் தன் கையால், 'சும்மா எழுதவில்லை, உண்மையாகவே கூப்பிடுகிறோம்' என்று சேர்த்திருக்கிறான்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்தாள்.

நான் போக விரும்புகிறேனா? குழந்தையைப் பார்க்க வேண்டும். ஹெல்மாவைப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே — இந்த வருஷம் பேசும் மரம் கட்டுகிறார்கள், குரல் என்னுடையது வேண்டுமாம், நான்தான் ஆள் எடுக்கிறேன், எனக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். அங்கே போனால் நான் யார்? ஹெல்மாவின் அக்கா. போதாதா? தெரியவில்லை. அம்மா போகிறேன் என்றால் நானும் போக வேண்டும். அவளைத் தனியாகக் கப்பலேற்ற முடியாது.

மார்ச் 29

கேட்டேன். "என்னம்மா சொல்ல?" என்றேன்.

"அவசரமா?"

ஏப்ரல் 7

அம்மா வீட்டைச் சுத்தம் செய்கிறாள். அலமாரியைக் காலி செய்து துடைக்கிறாள். ஈஸ்டருக்கா, கப்பலுக்கா?

ஏப்ரல் 20, செவ்வாய்

நேற்று ஈஸ்டர் திங்கள். இவ்வளவு கூட்டம் பூங்கா கண்டதில்லை. பஸ்கள் சாலையில் வால் போல நின்றன. பேசும் மரத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது, எனக்கல்ல, மரத்துக்கு.

அம்மா காலையிலேயே வந்து மாடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கோட்டு, மடியில் கைகள். நண்பகல் தாண்டி அவளுக்குக் காபி கொண்டுபோனேன். கதவருகே கூட்டம், நுழைய முடியவில்லை. நகரத்துக்காரர் ஒருவர், கூட ஐந்து வயதுப் பெண். அந்தப் பெண் இளவரசியைப் பார்த்து முடித்துவிட்டு இப்போது அம்மாவை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்குக்கு மூக்கு. அம்மா கண்ணிமைக்காமல் இளவரசியையே பார்த்தபடி இருந்தாள்.

"அப்பா, இது நல்லாருக்கு" என்றது அந்தப் பெண். "இது எப்ப அசையும்?"

அவர் குழம்பிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார், பொத்தான் எங்கே என்று தேடுகிற மாதிரி.

அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். அந்தப் பெண் வீல் என்று கத்திவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. பிறகு எட்டிப் பார்த்தது. பிறகு சிரித்தது. கூட்டமே சிரித்தது.

"நான் இங்கேருந்து அசையுறதா இல்ல, கண்ணு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காபியோடு கதவருகே நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

காபியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை ஹெல்மாவுக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். மாலையில் ட்ரீக்கிடம் சொல்லி அந்தப் பெஞ்சுக்குச் சாய்மானம் வைக்கச் சொன்னேன். அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.